முன்கைத் தசையை அளப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

முன்கைத் தசைகளின் இயக்கத்தையும் வலிமையையும் அளப்பது பற்றி, கருவி செய்து பார்க்கும் மாணவர்கள் முதல் வயதான பெற்றோரைக் கவனித்துக்கொள்பவர்கள் வரை பலரும் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: முன்கையில் மூன்று மின்வாய்களை ஒட்டி, தசையின் மின்குறிப்பை வாசிக்கும் சிறிய பலகை ஒன்றைக் கணினியுடன் இணைத்திருக்கிறேன். கையை இறுக்கினால் எண் உயர்கிறது, தளர்த்தினால் இறங்குகிறது. இந்த எண்ணைக் கிலோவாக மாற்றி, ‘கையின் வலிமை’ என்று காட்டலாமா? (மின்னணுவியல் மாணவர்)

பதில்: அப்படியே மாற்றிவிட முடியாது. உங்கள் பலகை வாசிப்பது, தசைக்கு வந்து சேரும் கட்டளையின் மின்தடயத்தை. வலிமை என்பது அந்தக் கட்டளையை ஏற்றுத் தசை எலும்பை இழுக்கும் விசை. இரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்றாலும், ஒன்றை அளந்துவிட்டு மற்றொன்றின் பெயரால் அழைப்பது பிழையாகும்.

தண்டுவடத்தில் இருக்கும் ஒவ்வோர் இயக்க நரம்பணுவும் தன் கிளைகளால் பல தசையிழைகளைத் தொட்டு நிற்கிறது. அந்த நரம்பணுவையும் அதன் ஆளுகையில் உள்ள இழைகளையும் சேர்த்து இயக்க அலகு என்று குறிப்பிடுகிறோம். நரம்பணு ஒருமுறை தூண்டப்பட்டால் அதன் இழைகள் அனைத்திலும் ஒரு மின்னலை விநாடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதற்குச் சில பத்து மில்லிவிநாடிகள் பின்னரே இழுவிசை வெளியே தெரிகிறது. கூடுதல் விசை தேவைப்படும்போது புதிய இயக்க அலகுகள் சேர்ந்துகொள்கின்றன. ஏற்கெனவே இயங்குபவை இன்னும் அடிக்கடி துடிக்கின்றன. சிறிய அலகுகள் முதலிலும் பெரியவை பின்னரும் வருகின்றன என்ற ஒழுங்கை எல்வுட் ஹென்னிமன் 1957இல் வெளியிட்ட ஆய்வு சுட்டிக்காட்டியது. இத்தனை அலகுகளின் மின்னலைகளும் கொழுப்பையும் தோலையும் கடந்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, சில மைக்ரோவோல்ட் முதல் ஓரிரு மில்லிவோல்ட் வரையிலான குறிப்பாக உங்கள் மின்வாயை அடைகின்றன.

இதிலிருந்து விசையை ஊகிப்பதில் என்ன சிக்கல் என்பதை ஒரே நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். கையில் எதையும் பிடிக்காமல், வெறும் முட்டியை முடிந்த அளவு இறுக்குங்கள். திரையில் எண் உச்சத்துக்குப் போகும். அந்த நொடியில் உங்கள் கை வெளிப்பொருள் எதன் மீதும் எந்த விசையையும் செலுத்தவில்லை. உள்ளங்கைப் பக்கத்து மடக்குத் தசைகளும் புறங்கைப் பக்கத்து நீட்டுத் தசைகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதால், மின்குறிப்பு முழுமையாக இருந்தும் பயன்விசை பூச்சியமாகிவிடுகிறது. இனி மணிக்கட்டை முழுவதுமாக உள்நோக்கி மடக்கிக்கொண்டு அதே போல இறுக்குங்கள். விரல்கள் முழுமையாக மூடக்கூட மறுக்கும். விரல் மடக்குத் தசைகள் ஏற்கெனவே குறுகிவிட்டதால், எவ்வளவு வலுவான கட்டளை வந்தாலும் அவற்றால் போதிய விசையைத் தர முடிவதில்லை. ஆகவே ஒரே அளவு மின்குறிப்பு, தசையின் நீளத்துக்கும் மூட்டின் கோணத்துக்கும் ஏற்ப வெவ்வேறு விசையைக் குறிக்கும்.

உங்கள் முயற்சி வீண் என்று சொல்லவில்லை. ஒரே கை, ஒரே நிலை, மின்வாயைக் கழற்றாத ஒரே அமர்வு என்ற மூன்று நிபந்தனைகளுக்குள் நின்றால், மின்குறிப்பிலிருந்து விசையை ஓரளவு மதிப்பிடலாம். முதலில் பிடிவலுமானி ஒன்றைக் கையில் கொடுத்து, முழு முயற்சியில் கிடைக்கும் விசையையும் மின்குறிப்பையும் பதிவு செய்யுங்கள். பிறகு அந்த விசையில் 20, 40, 60, 80 சதவீத அளவுகளில் சில விநாடிகள் பிடித்துக்காட்டச் செய்து, இரண்டுக்கும் இடையிலான வரைகோட்டை அந்த நபருக்கென்றே வரைந்துகொள்ளுங்கள். மற்ற சமயங்களில் மின்குறிப்பை மில்லிவோல்ட்டிலும் கிலோவிலும் காட்டாமல், அவரவருடைய முழு முயற்சியின் சதவீதமாகக் காட்டுவதே இத்துறையின் வழக்கம். அதுவே நேர்மையானதும்கூட.

கேள்வி: மின்வாயை எங்கே ஒட்டுவது என்பதில் எனக்குத் தெளிவில்லை. ஒரு விரற்கடை தள்ளி ஒட்டினாலும் அளவு மாறிவிடுகிறது. ஏன்? (இயன்முறை மருத்துவம் பயிலும் மாணவி)

பதில்: மற்ற இடங்களைவிட முன்கையில் இது கடினம் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். மேற்கையின் முன்புறத்தில் பெரிய தசை ஒன்று தனியே திரண்டு நிற்பதால் அங்கே தவறுவது அரிது. முன்கையிலோ முன்பக்கம் 8, பின்பக்கம் 12 என 20 தசைகள் ஒடுங்கிய இடத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. விரல்களின் நுனிமூட்டை மடக்கும் ஆழ்தசை, கட்டைவிரலை மடக்கும் நீள்தசை, மணிக்கட்டுக்கு அருகில் குறுக்கே கிடக்கும் சதுரத்தசை ஆகியவற்றைத் தோல்மேல் மின்வாயால் தனித்துப் படிக்கவே முடியாது. அவற்றுக்கு ஊசி மின்வாய் வேண்டும். மேற்பரப்பில் இருப்பவற்றிலும் அண்டைத் தசையின் குறிப்பு வந்து கலந்துவிடும். நீங்கள் மணிக்கட்டை நீட்டும் தசையை அளப்பதாக எண்ணிக்கொண்டு, உண்மையில் விரல்களை நீட்டும் தசையைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

எனவே கண்ணால் அல்லாமல் விரலால் தேட வேண்டும். மணிக்கட்டை உள்நோக்கி மடக்கும் தசையை எடுத்துக்கொள்வோம். அளக்கப்படுபவர் உள்ளங்கை மேலே தெரியும்படி முன்கையை மேசையில் வைக்கட்டும். நீங்கள் அவருடைய உள்ளங்கையின் மீது எதிர்ப்புக் கொடுத்து, மணிக்கட்டை மடக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டின் அருகே கட்டைவிரல் பக்கமாக ஒரு தசைநாண் புடைத்து நிற்பது தெரியும். அதற்குப் பக்கத்தில் நடுவில் தெரியும் இன்னொரு மெல்லிய தசைநாணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பலருக்கு இருக்கும், சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை, இல்லாததால் குறையும் இல்லை. புடைத்த நாணைத் தொட்டபடியே முழங்கையின் உட்புற எலும்பு முனையை நோக்கி மேலேறினால், முழங்கையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தசையின் திரண்ட வயிறு விரலடியில் இறுகித் தளரும். மின்வாய்க்குரிய இடம் அதுதான்.

இரண்டு மின்வாய்களையும் தசையிழை ஓடும் திசையிலேயே, ஒன்றன் மையத்திலிருந்து மற்றொன்றின் மையம் 20 மில்லிமீட்டர் இருக்கும்படி ஒட்டுங்கள். தோல்மேல் தசைமின் அளவீட்டுக்காக ஐரோப்பிய ஆய்வுக்குழு வகுத்த செனியாம் பரிந்துரை இந்த இடைவெளியையே சொல்கிறது. குறுக்காக ஒட்டினால் குறிப்பு சிறுத்துப்போகும். தசைநாணின் மேலும், நரம்பு தசைக்குள் நுழையும் பகுதியின் மேலும் ஒட்டக் கூடாது. நரம்பு நுழையும் இடத்திலிருந்து மின்னலை இரு திசைகளிலும் பிரிந்து ஓடுவதால், அதன் இருபுறமும் மின்வாய் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே குறிப்பைப் பெறும். அவற்றின் வேறுபாட்டை மட்டுமே பெருக்கும் கருவி எதையும் காட்டாது. ஒரு விரற்கடை தள்ளியதும் அளவு மாறியதாக நீங்கள் எழுதியதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். மூன்றாவது மின்வாய் தசையில்லாத எலும்பு மேட்டில், அதாவது முழங்கை முனையிலோ மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பிலோ இருக்க வேண்டும்.

தோலைத் தயார் செய்வதில் சோம்பல் கூடாது. மயிரை மழித்து, ஆல்கஹாலால் துடைத்து, தோல் இலேசாகச் சிவக்கும்வரை தேய்த்து, உலரவிட்டு ஒட்டுங்கள். தோலின் மின்தடை எவ்வளவு பெரிய இடையூறு என்பதற்கு இத்துறையின் தொடக்கமே சான்று. மனிதன் தன் விருப்பப்படி தசையைச் சுருக்கும்போது எழும் மின்னோட்டத்தை 1840களின் இறுதியில் முதன்முதலாகக் கண்டு காட்டிய எமில் து புவா ரேமோன், அக்காலக் கால்வனாமீட்டரால் தோலைத் தாண்டி எதையும் தெளிவாகப் படிக்க முடியாததால், தன் முன்கைகளில் கொப்புளம் எழுப்பித் தோலை உரித்து, அந்தப் புண்ணின் மீது உப்புநீர் மின்வாயைப் பொருத்தினார். அதன் பிறகே கால்வனாமீட்டர் முள்ளின் அசைவு பெரிதாகத் தெரிந்தது. இன்று ஒரு துண்டுப் பஞ்சும் சிறிது பொறுமையும் போதும் என்பது நம் நற்பேறு.

ஒட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். மணிக்கட்டை மேசையில் அசையாமல் வைத்து, நடுவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள். பிறகு விரல்களைத் தளரவிட்டு மணிக்கட்டை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள். எந்த அசைவுக்குக் குறிப்பு எழுகிறது என்று பார்த்தால், எந்தத் தசையின் மேல் இருக்கிறீர்கள் என்பது விளங்கிவிடும். இன்னொன்றையும் மறக்காதீர்கள். உள்ளங்கையை மேலிருந்து கீழே திருப்பும்போது தோலுக்கு அடியில் தசைகள் இடம்பெயர்கின்றன. ஒட்டிய மின்வாய் தோலோடுதான் இருக்கும். ஆகவே ஒட்டும்போது முன்கை இருந்த நிலையிலேயே அளவீடும் நடக்க வேண்டும்.

கேள்வி: திரையில் இரைச்சல் அதிகமாக இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் வடிகட்டி போட்டால் போதுமா? விநாடிக்கு எத்தனை முறை பதிவெடுக்க வேண்டும்?

பதில்: தோல்மேல் தசைமின் குறிப்பின் ஆற்றல் பெரும்பாலும் 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது. அதில் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்காவது பதிவு வேகம் வேண்டும் என்பதால், விநாடிக்கு 1,000 பதிவுகளுக்குக் குறையக் கூடாது. 2,000 இருந்தால் நல்லது. ஒரு காலத்தில் பரவலாக வாங்கப்பட்ட, 8 உணரிகள் கொண்ட மயோ கைப்பட்டை விநாடிக்கு 200 முறை மட்டுமே பதிவெடுத்தது. கைச்சைகைகளை இனம் காண அது போதுமானதாக இருந்தது. அலையின் வடிவத்தை ஆராய அது உதவாது.

வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸை வெட்டியெறியும் வடிகட்டியைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். தசையின் குறிப்பும் அதே பகுதியில் வலுவாக இருப்பதால், இரைச்சலோடு சரக்கும் போய்விடும். தோலை மறுபடி சுத்தம் செய்வது, மூன்றாவது மின்வாயைச் சரியாக ஒட்டுவது, கம்பிகளைக் குட்டையாக வைத்து ஒன்றோடொன்று முறுக்கிவிடுவது ஆகியவற்றாலேயே பெரும்பாலான இரைச்சல் அடங்கும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழானதை நீக்கினால் கம்பி ஆடுவதால் எழும் அலையும் போய்விடும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். மருத்துவத் தரத்தில் மின்காப்பு இல்லாத பலகையை உடலில் இணைத்திருக்கும்போது, பலகையும் அதோடு இணைந்த கணினியும் மின்கலத்தில் மட்டுமே ஓட வேண்டும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டே அமருங்கள்.

கேள்வி: எங்கள் சிகிச்சைப் பிரிவில் பிடிவலுமானியால் அளக்கிறோம். ஒரே நோயாளிக்கு ஒருவர் அளந்தால் 30 கிலோவும், மற்றொருவர் அளந்தால் 36 கிலோவும் வருகிறது. எதை நம்புவது? (இயன்முறை மருத்துவர்)

பதில்: இருவரும் ஒரே முறையில் அளந்தார்களா என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்கக் கைச் சிகிச்சையாளர் சங்கத்தின் வழிமுறை இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. நோயாளி நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும்; மேற்கை உடலை ஒட்டி இருக்க வேண்டும்; முழங்கை 90 டிகிரியில் மடங்கி, முன்கை உள்ளங்கை உட்புறம் பார்த்தபடி நடுநிலையில் இருக்க வேண்டும்; மணிக்கட்டு நேராகவோ, 30 டிகிரிக்கு மிகாமல் பின்னோக்கி வளைந்தோ இருக்கலாம். ஐந்து நிலைகள் கொண்ட ஜாமர் வகைக் கருவியில் கைப்பிடியை இரண்டாம் நிலையில் வைப்பதே பொது வழக்கம். மூன்று முறை அளந்து சராசரியை எடுக்க வேண்டும். சிலர் மூன்றில் உயர்ந்ததை எடுக்கிறார்கள். எதை எடுத்தாலும் பதிவேட்டில் அதைக் குறித்து, அடுத்த முறையும் அதையே பின்பற்றுங்கள்.

இவற்றுள் என் அனுபவத்தில் அதிகம் புறக்கணிக்கப்படுவது மணிக்கட்டு. பிடியின் உச்சவிசை மணிக்கட்டு ஏறத்தாழ 35 டிகிரி பின்னோக்கி வளைந்திருக்கும்போது கிடைக்கிறது. முழு முயற்சி செய்பவர் தானறியாமலே அந்தக் கோணத்துக்குப் போய்விடுவார். கருவி கனமாக இருந்து மணிக்கட்டு தொங்கிவிட்டால் எண் விழும். அதனால் அளப்பவர் கருவியின் அடியில் விரலை வைத்து எடையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். நகரவிடாமல் இறுகப் பிடிக்கக் கூடாது. ஒருவர் உரக்க ஊக்குவித்தும் மற்றவர் மௌனமாக இருந்தும் அளந்தால்கூட எண் வேறுபடும். எனவே சொல்லும் சொற்களையும் நிர்ணயித்துக்கொள்ளுங்கள்.

பிடிவலு ஒட்டுமொத்தக் கையின் அளவு என்பதும் நினைவிருக்கட்டும். அதில் முன்கையின் விரல் மடக்குத் தசைகள், மணிக்கட்டை நிலைநிறுத்தும் நீட்டுத் தசைகள், உள்ளங்கைக்குள்ளேயே இருக்கும் சிறு தசைகள் எல்லாம் அடக்கம். குறிப்பிட்ட ஒரு தசைக்குழுவை அறிய வேண்டுமானால் கையடக்க விசைமானியால் தனியே அளப்பதே முறை. பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் 1943இல் வெளியிட்ட 0 முதல் 5 வரையிலான தரவரிசை இன்றும் நோயாளியின் படுக்கையருகே பயன்படுகிறது; நரம்புக் காயத்துக்குப் பிறகு தசை அசையத் தொடங்கிவிட்டதா என்று அறிய அது மிகவும் ஏற்றது. ஆனால் ‘எதிர்ப்பை ஓரளவு வெல்கிறது’ என்ற நான்காம் தரம் மிக அகலமானது. ஒரு நோயாளியின் வலிமை இரண்டு மடங்கானாலும் அவர் நான்காம் தரத்திலேயே இருக்கக்கூடும்.

விசைமானியைப் பயன்படுத்தும்போது தூரத்தையும் அளந்து எழுதுங்கள். மணிக்கட்டு மூட்டிலிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளிக் கருவியின் மெத்தையை வைத்தபோது 100 நியூட்டன் காட்டினால், மூட்டில் எழும் திருப்புவிசை 7 நியூட்டன்-மீட்டர். அதே திருப்புவிசையை 5 சென்டிமீட்டரில் அளந்தால் கருவி 140 நியூட்டன் காட்டும். தசை அதேதான், மெத்தை இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்ததைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. நோயாளி 40 சதவீதம் முன்னேறிவிட்டார் என்று அறிக்கை எழுதும் முன் இதைச் சரிபார்ப்பது நம் கடமை.

கேள்வி: நான் பாறையேற்றப் பயிற்சி செய்கிறேன். விரல்களால் தொங்கத் தொங்கப் பிடி தளர்கிறது. ஆனால் முன்கையில் ஒட்டிய கருவியில் மின்குறிப்பு உயர்ந்துகொண்டே போகிறது. கருவி பழுதா?

பதில்: கருவி சரியாகவே இருக்கிறது. நீங்கள் பார்ப்பது களைப்பின் இயல்பான முகம். முழு முயற்சிக்குக் குறைவான ஒரு விசையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போது, முதலில் இயங்கத் தொடங்கிய இழைகள் களைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் குறைந்த விசையையே தருகின்றன. அந்தக் குறையை ஈடுகட்ட நரம்பு மண்டலம் புதிய அலகுகளைக் களமிறக்குகிறது. அதனால் விசை மாறாமல் இருக்கும்போதே மின்குறிப்பு பெருக்கிறது. கடைசியில், இறக்குவதற்கு அலகுகள் மீதமில்லாத நிலையில் பிடி நழுவுகிறது.

இதைவிட நுட்பமான அடையாளம் ஒன்றும் உண்டு. நீடித்த இறுக்கத்தில் தசை தன் இரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்வதால், வளர்சிதை மாற்றக் கழிவுகள் வெளியேறாமல் தங்குகின்றன. இழைக்கு வெளியே பொட்டாசியமும் சேர்கிறது. இவற்றால் மின்னலை இழையில் ஓடும் வேகம் குறைகிறது. மெதுவாகக் கடந்துபோகும் அலை மின்வாயின் கீழ் அதிக நேரம் நிற்பதால், குறிப்பின் நடு அதிர்வெண் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. வீச்சு ஏறுவதும் நடு அதிர்வெண் இறங்குவதும் சேர்ந்து வந்தால் அதைக் களைப்பு என்று துணிந்து சொல்லலாம். ஆனால் உங்கள் கருவி அலையை முன்கூட்டியே நேராக்கி, மழுக்கி, ஒற்றைக் கோடாகத் தருவதாக இருந்தால் அதிர்வெண்ணைக் கணக்கிட வழியில்லை. மூல அலையைத் தரும் கருவியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

களைப்பை அளக்கும் ஆவலுக்கு முன்கை நெடுநாளாகவே களமாக இருந்திருக்கிறது. டுரின் நகரின் உடலியங்கியல் அறிஞர் ஏஞ்சலோ மோஸோ, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எர்கோகிராஃப் என்ற கருவியை உருவாக்கினார். முன்கையை ஒரு தாங்கியில் அசையாமல் கட்டி, நடுவிரலில் கயிற்றை மாட்டி, அதன் மறுமுனையில் தொங்கும் எடையைச் சீரான இடைவெளியில் விரலை மடக்கித் தூக்கச் செய்தார். ஒவ்வொரு தூக்கலின் உயரமும் உருளையில் கோடாகப் பதிந்தது. கோடுகள் குறுகிக்கொண்டே வந்து நின்றுவிடும் வளைவு ஆளுக்கு ஆள் வேறுபட்டிருந்தது. அந்தத் தனித்தன்மை அவரை மிகவும் ஈர்த்தது. நீங்களும் தொங்கும் நேரத்தை மட்டும் எழுதி வைக்காமல், விசையை அளக்கும் உணரியில் நொடிக்கு நொடி அது சரியும் வளைவைப் பதிவு செய்து வாருங்கள். பயிற்சியால் மாறுவது உச்சமா, சரிவின் வேகமா என்று அதில் தெரியும்.

கேள்வி: அளவு நாடாவால் முன்கையின் சுற்றளவை அளந்தால் வலிமை தெரியாதா?

பதில்: ஓரளவே. தசையின் குறுக்கு வெட்டுப் பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 20 முதல் 30 நியூட்டன் விசை எழும் என்பது பொது மதிப்பீடு. ஆனால் நாடா எலும்பையும் கொழுப்பையும் சேர்த்தே அளக்கிறது. பயிற்சியின் முதல் சில வாரங்களில் சுற்றளவு மாறாமலே வலிமை கூடும். அந்தத் தொடக்க உயர்வில் நரம்பு மண்டலத்தின் பங்கே பெரிது என்பதை மொரிடானியும் டிவ்ரீஸும் 1979இல் தசைமின் பதிவுகளைக் கொண்டே காட்டினார்கள். தசையின் தடிமனை மட்டும் அறிய வேண்டுமானால் அல்ட்ராசவுண்ட் நல்ல வழி.

கேள்வி: எனக்கு முழங்கையின் வெளிப்புறத்தில் வலி. ஒரு பாத்திரத்தைத் தூக்கினால்கூட நழுவுகிறது. பிடிவலு மிகவும் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். தசை மெலிந்துவிட்டதா?

பதில்: உங்களை நேரில் பார்க்காமல் நோயை முடிவு செய்ய முடியாது, அளவீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து செல்வதால், பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டும் மடங்கப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது புறங்கைப் பக்கத்து நீட்டுத் தசைகள். அவற்றுள் ஒன்றான குறு மணிக்கட்டு நீட்டுத் தசை முழங்கையின் வெளி எலும்பு முனையில் தொடங்குகிறது. ‘டென்னிஸ் எல்போ’ எனப்படும் வலியில் பெரும்பாலும் பாதிக்கப்படுவது அதன் தசைநாண்தான். பிடிக்கும் வேலையே அந்த இடத்தை இழுத்து வலியை எழுப்ப, வலி முயற்சியைத் தானாகவே அடக்குகிறது. அப்போது கருவி காட்டுவது தசையின் கொள்ளளவைவிடக் குறைவான எண்.

ஆகவே இந்நிலையில் உச்சப் பிடியை அளப்பதைவிட, வலி தொடங்கும் புள்ளி வரை மெதுவாக இறுக்கச் செய்து அங்கே நிறுத்தும் ‘வலியற்ற பிடிவலு’ அளவே பயனுள்ளது. வலி இல்லாத கையோடு ஒப்பிட்டு, முழங்கையை நீட்டிய நிலையில், மூன்று முறை, இடையே ஓய்வு கொடுத்து அளப்பார்கள். சிகிச்சை பலன் தருகிறதா என்பதை இந்த எண் உச்சப் பிடியைவிட நன்றாகக் காட்டும். உங்கள் சிகிச்சையாளரிடம் இதைக் கேளுங்கள்.

கேள்வி: விரல் மரத்துப்போவதற்காக எனக்கு இ.எம்.ஜி. (தசைமின் பதிவு) பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். ஊசி குத்துவார்கள் என்கிறார்கள். இதில் என் கையின் வலிமையை அளப்பார்களா?

பதில்: வலிமையை அளப்பதற்கானது அல்ல அந்தச் சோதனை. நரம்பும் தசையும் நலமாக இருக்கின்றனவா, பழுது எந்த இடத்தில், எவ்வளவு பழையது என்பதையே அது தேடுகிறது. வழக்கமாக அது இரண்டு பகுதிகளாக நடக்கும். முதலில் நரம்பின் மேல் சிறு மின்துடிப்புகள் கொடுத்து, குறிப்பு எவ்வளவு வேகத்தில் போய்ச் சேருகிறது என்று பார்ப்பார்கள்; நலமான நடுநரம்பு முன்கையில் விநாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் அல்லது அதற்கு மேல் கடத்தும். பிறகு, தேவையானால், மெல்லிய ஊசி மின்வாயைத் தசைக்குள் செலுத்துவார்கள். ஊசிக்குள் கம்பி வைத்த இவ்வகை மின்வாயை ஏட்ரியனும் பிராங்கும் 1929இல் அறிமுகப்படுத்தினார்கள். ஊசி மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. கேட்க மட்டுமே செய்கிறது.

நலமான தசை ஓய்வில் மௌனமாக இருக்கும். நரம்பை இழந்த தசையிழைகள் தாமாகவே துடிக்கத் தொடங்கும். ஆனால் அந்த அடையாளம் தோன்றக் காயத்துக்குப் பிறகு இரண்டு, மூன்று வாரங்கள் ஆகலாம். மிக விரைவில் செய்த சோதனை இயல்பாக வந்தால் மீண்டும் ஒருமுறை செய்யச் சொல்வது இதனால்தான். இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுத்துக்கொள்பவராகவோ இதயமுடுக்கி பொருத்தியவராகவோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் கையில் எண்ணெயோ களிம்போ தடவ வேண்டாம்.

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. முகாம் ஒன்றில் அவருடைய பிடிவலு 24 கிலோ என்று அளந்து, குறைவு என்றார்கள். ரப்பர் பந்தை அழுத்தச் சொல்லியிருக்கிறேன். அது போதுமா?

பதில்: ஆசியத் தசைநலிவுப் பணிக்குழு 2019இல் வகுத்த வரம்பின்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழ் இருந்தால் அது குறைந்த பிடிவலு. ஐரோப்பியக் குழுவின் வரம்பு 27, 16 கிலோ. உங்கள் தந்தையின் அளவு இரண்டுக்கும் கீழேதான் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு முகாம் அளவை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். அமர்ந்த நிலையில், மேலே சொன்ன முறைப்படி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். விரல் மூட்டுகளில் வாதமோ வலியோ இருந்தாலும் எண் இறங்கும்.

முன்கையின் இந்த ஓர் எண்ணுக்கு மருத்துவர்கள் ஏன் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பதற்குப் ப்யூர் என்ற பன்னாட்டு ஆய்வு ஒரு காரணம். 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைப் பின்தொடர்ந்து, 2015இல் லான்செட் இதழில் வெளியான அதன் முடிவில், பிடிவலு ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் எக்காரணத்தாலும் ஏற்படும் இறப்பின் அபாயம் 16 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டும் செய்தி மட்டுமே. பலவீனமான பிடியே நோயை வரவழைக்கிறது என்று அது சொல்லவில்லை. உடல் முழுவதன் தசைநிலை, ஊட்டம், நடமாட்டம், மறைந்திருக்கும் நோய்கள் எல்லாம் எளிதில் அளக்கக்கூடிய பிடியில் வந்து தெரிகின்றன.

அதனால்தான் பந்தை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பது போதாது. பந்து பிடிவலுவின் எண்ணைச் சற்று உயர்த்தலாம். அந்த எண் எதைச் சுட்டிக்காட்டியதோ அது அப்படியே இருக்கும். தந்தையைக் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை தொடர்ந்து எழுந்து அமரச் சொல்லி நேரத்தைப் பாருங்கள். விழாதபடி பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். அதே பணிக்குழுவின் அளவுகோலில் 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் தசைகளும் தளர்ந்திருக்கின்றன என்று பொருள். அந்த நேரத்தையும் பிடிவலுவையும் குறித்துக்கொண்டு, அவர் எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியலோடும், அண்மையில் உடல் எடை குறைந்திருந்தால் அந்த விவரத்தோடும் மருத்துவரைப் பாருங்கள். தசையின் அளவைக் கணிக்கும் ஸ்கேன் தேவையா, எத்தகைய எடைப்பயிற்சி அவருக்கு ஏற்றது, உணவில் புரதம் போதுமா என்பதை அவர் முடிவு செய்வார். மூன்று மாதம் கழித்து, அதே கையில், அதே கருவியில் மறுபடி அளந்து பாருங்கள்.